பெயர்க்கல் வேண்டாம், தம்பி

யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊரில் கட்டப்போவதாகக் கனடாவிலிருந்து நீ அனுப்பிய கட்டட வரைபடத்தைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தேன். மேல்மாடி, கணினி அறை, வாசலில் உங்கள் கனடா ஊர் ஒன்றியத்தின் பெயர் பொறித்த கல். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஒழுங்கையிலிருந்து சந்திவரை நடந்தால் இதே மாதிரி இரண்டு கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்று லண்டன்காரர் கட்டியது, மற்றது சுவிஸ்காரர் கட்டியது. லண்டன் கட்டடத்தின் படியில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். கனடாக் கட்டடத்தில் எதைக் கட்டுவார்களோ தெரியாது.

கோபிக்காதே. கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக முப்பது வருடம் சைக்கிள் மிதித்தவள் சொல்வதையும் கேள்.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், வடமராட்சிக் கரையில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனேன். திண்ணையில் மூன்று தையல் இயந்திரங்கள், மூன்றிலும் வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்டிக்கர். அவளுக்குத் தைக்கத் தெரியாது. அவள் கேட்டது வலை. இரண்டு வீடு தள்ளி, கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. உதவிக்குப் பெயர் பதிந்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருந்தது. அடுத்தவர் கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

போலியோவுக்கு நடந்தது வேறு. 1985இல் ரோட்டரிக் கழகங்கள் பணம் திரட்டத் தொடங்கின. 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் எல்லாம் சேர்ந்து உலகம் முழுவதற்குமான வேலையாக்கின. எங்கள் கைக்கு வந்து சேரும்போது அது ஒரு குளிர்ப்பெட்டி, அவ்வளவுதான். போர்க்காலத்திலும் சொட்டுமருந்து நாளுக்காக இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. மின்சாரம் இல்லை; மருந்து சூடேறினால் வீண். ஐஸ் கரைவதற்குள் பாடசாலை, கோயில் மடம், தேவாலய மண்டபம் என்று போய்ச் சேர வேண்டும். எந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிறது என்பது எங்கள் பதிவேட்டில் இருந்தது. அந்த வீட்டார் இடம்பெயர்ந்து யார் வளவில் இருக்கிறார்கள் என்பது விதானையாருக்கும் (கிராம அலுவலர்) மாதர் சங்கத்துக்கும்தான் தெரியும். உன் வாயில் சொட்டு விட்டதுகூட நான் இல்லை, உன் ஆசிரியை. நான் அன்று வேறு ஊரில் நின்றேன். இலங்கையின் கடைசி நோயாளி 1993இல். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றது என்று அறிவித்தார்கள். ஒழித்தது யார் என்று கேட்டால் கல்லில் பொறிக்க ஒரு பெயர் அகப்படாது.

இப்போது இங்கே நடப்பது: சாப்பிடாமல் பள்ளிக்கு வந்து பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். எந்தப் பிள்ளை என்று முன்பள்ளி ஆசிரியைக்குத் தெரியும். கோயில் மடப்பள்ளியில் அடுப்பு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி இருக்கிறது. ஆகவே மாதம் ஒரு மாலை சனசமூக நிலையத்தில் எல்லாரும் கூடுகிறோம். நடுவில் ஒரே ஒரு கொப்பி. எந்த வீட்டுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதுகிறோம். வீட்டின் பெயர் போடுவதில்லை, இலக்கம் மட்டும். முதற் கூட்டத்திலேயே கோயில்காரரும் விளையாட்டுக் கழகப் பொடியன்களும் பதாகையில் யார் பெயர் மேலே என்று முட்டிக்கொண்டார்கள். பதாகையே வேண்டாம் என்று தீர்வதற்குள் தேநீர் ஆறிவிட்டது. இந்த வேலை இப்படித்தான் மெதுவாக நகரும். உங்கள் ஆண்டு மலருக்குப் படமும் கிடைக்காது.

எங்களிடம் இல்லாதது, கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக, சங்கம் சங்கமாக அலைய ஓர் ஆள். கட்டடத்துக்கு எல்லாரும் காசு தருவார்கள். அலைகிறவளின் சம்பளத்துக்குத் தரமாட்டார்கள். நீங்கள் தாருங்கள். அலைகிற அந்தப் பெண்பிள்ளையின் மாதச் சம்பளம், ஸ்கூட்டிக்குப் பெட்ரோல். மூன்று வருடத்துக்காவது. அதற்காக இணைப்புச் சங்கம் என்று இன்னொன்றைத் தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் எல்லாம் வைத்துவிடாதே. இந்த ஊரில் நாலு பேர் கூடினால் ஐந்து சங்கம்.

லண்டன்காரரோடு நீயே கதைத்துப் பார். பூட்டிய கட்டடத்தின் திறப்பு (சாவி) அவர்களுடைய செயலாளர் வீட்டில் இருக்கிறதாம். அதை வாங்கினால் உன் கணினி அறை அதற்குள்ளேயே வந்துவிடும். திறப்புக் கிடைத்ததும் எனக்குச் சொல். ஆட்டுக்காரிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அறிவிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா