அந்த 5 நொடிகளுக்கு நன்றி

வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்த தன்னார்வ ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

நன்றி என்றால் இன்னதற்கு என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ததில் பாதி வெளியார் கண்ணில் படாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நாளில் தேர்வு வைக்காமல் இருந்ததற்கு முதல் நன்றி. "எழுதிக் காட்டுங்கள்" என்று தாளை நீட்டினால் பலர் மறுவாரம் வரமாட்டார்கள். நீங்கள் கேட்டதெல்லாம், "எதை வாசிக்க வேண்டியிருக்கு?" என்பதுதான். மருந்துப் பெட்டி, வேலைக்கான விண்ணப்பம், பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதம் என்று ஆளுக்கொரு பதில் வந்தது. பாடமும் அங்கிருந்தே தொடங்கியது. பேச்சோடு பேச்சாக, அவர்கள் தாளை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டீர்கள். 40 வயதைத் தாண்டினால் கிட்டப்பொருள் மங்கலாவது இயல்பு. எழுத்துத் தெரியவில்லை என்று நினைக்கும் இடத்தில் சில நேரம் கண்ணாடிதான் இல்லாமல் இருக்கும். வாசிப்புக் கண்ணாடி வாங்கித் தந்தவர்களுக்கும், பாடத்தாளை 16 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம்விட்டு, ஒரே பக்கமாக அச்சடித்துத் தந்தவர்களுக்கும் தனி நன்றி.

'ஏ, பி, சி' முழுவதும் ஒப்பிப்பவர் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாமல் நிற்பதைப் பார்த்துப் புதிதாகக் கற்பிக்க வருபவர்கள் திகைப்பார்கள். தமிழில் 'க' என்பதே பெயர், அதுவே ஒலி. ஆங்கிலத்தில் 'எச்' என்ற பெயரைத் தேடினாலும் 'ஹ' கிடைக்காது. 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. நீங்கள் அகரவரிசையை ஓரம்கட்டிவிட்டு எஸ் (s), ஏ (a), டீ (t), ஐ (i), பீ (p), என் (n) ஆகிய 6 எழுத்துகளின் ஒலிகளோடு தொடங்கினீர்கள். அந்த ஆறை வைத்தே ஸிட், டின், பின், டிப், டேப், பேன் என்று ஒரு டஜன் சொற்களுக்குமேல் வாசித்துவிடலாம். முதல் வகுப்பிலேயே ஒரு சொல்லைத் தானாகக் கூட்டி வாசித்தவர் மறுநாளும் வருவார்.

இன்னும் பெரிய உதவி ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லின் தலைமேல் தமிழில் உச்சரிப்பு எழுதித் தரும்படி எத்தனை பேர் கேட்டும், நீங்கள் பக்குவமாக மறுத்தீர்கள். கேட்பவருக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'பின்'. மேலங்கியும் ஆடும் 'கோட்'. தலைக்குமேல் தமிழ் இருந்தால் கண் கீழே இறங்காது. எழுதித் தருவதற்குப் பதிலாக மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை உதட்டுக்கு முன் இரண்டு விரற்கடை தூரத்தில் பிடிக்கச் சொன்னீர்கள். குண்டூசிக்கான சொல்லைச் சொன்னால் மூச்சுக்காற்று பட்டுக் காகிதம் படக்கென்று விலகும்; குப்பைத்தொட்டியைச் சொன்னால் அவ்வளவாக அசையாது. காதுக்குப் பிடிபடாத வேறுபாடு கண்ணுக்குப் பிடிபட்டது. தடித்த தாள் இதற்கு உதவாது.

'இஸ்கூல்' என்று வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, அந்த மூச்சிலேயே 'கூல்' சேர்க்க வைத்தீர்கள். 'புக்கு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரத்துக்கு, உயிரொலியில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்தீர்கள். 'புக் இஸ்' என்று ஒரே இழுப்பில் சொல்லும்போது உகரத்துக்கு இடமில்லை.

கேள்வி கேட்பதும் அப்படித்தான். தமிழில் 'வருகிறீர்கள்' என்பதோடு 'ஆ' சேர்த்தால் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லே இடம் மாற வேண்டும். இதை இலக்கண விதியாகச் சொல்லாமல், 'யூ', 'ஆர்' என்று இரண்டு அட்டைகளை மேசையில் வைத்து, கேள்வி கேட்கும்போதெல்லாம் கையால் இடம் மாற்ற வைத்தீர்கள். கை பழகியதும் வாயும் பழகியது.

சிறு பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் பெரியவர்கள் கையில் திணிக்காததற்கும் நன்றி. அவர்கள் வாயால் சொன்ன நாலைந்து வாக்கியங்களையே நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டி, வாசிக்க வைத்து, பிறகு வரி வரியாகவும் சொல் சொல்லாகவும் வெட்டிக் கலைத்து அடுக்கச் சொன்னீர்கள். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, எழுதுபவர் வாக்கியத்தை அழகுபடுத்திவிடுவது. சொன்னவருக்கே அது அந்நியமாகி, அடுத்த நிமிடம் வாசிக்க முடியாமல் போகும். இலக்கணப் பிழையை எழுதுமுன்பே பேசித் திருத்திவிட்டு, சொற்களை அவருடையவையாகவே விட்டுவைக்க வேண்டும். நீங்கள் அப்படியே செய்தீர்கள்.

தலைப்பில் சொன்ன 5 நொடிக்கு வருகிறோம். வாசிப்பவர் ஒரு சொல்லில் தடுக்கினால் உதவ வந்தவரின் நாக்கு உடனே துறுதுறுக்கும். சொல்லை எடுத்துக் கொடுத்தால் வாசிப்பு நகரும், ஆனால் தடுக்கியவர் அடுத்த முறையும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணினீர்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லின் பின்பாதியை விரலால் மறைத்து முன்பாதியைக் காட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் சொல்லைக் கொடுத்தீர்கள். 'நைஃப்' போன்றவற்றில் மட்டும் காக்கவைக்காமல் உடனே சொன்னீர்கள். ஒலிக்காத 'கே' முன்னால் நிற்கும் சொல்லை எவ்வளவு கூட்டினாலும் வராது. அங்கே காத்திருப்பது வதை. எங்கே காத்திருப்பது, எங்கே கைகொடுப்பது என்ற இந்தப் பகுப்பு பயிற்சித் தாளைப் படித்து மட்டும் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரின் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் வரும்.

பேசும்போது நடுவில் வெட்டாமல், ஒரு வகுப்புக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொண்டதும் இதே பொறுமைதான். ஒன்பது பிழையைச் சுட்டினால் பத்தாவது வாக்கியம் வாயை விட்டு வராது.

பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களே, நீங்கள் இல்லையென்றால் தாய்மார்கள் பலர் படியேறியிருக்க முடியாது. வகுப்பு முடிந்ததும் அரைப் பக்கக் குறிப்பு எழுதிவைத்தவர்களே (எதை வாசித்தார், எங்கே நின்றார், அடுத்து என்ன), ஒருவர் வர முடியாத நாளில் இன்னொருவர் அதே வரியிலிருந்து தொடர்ந்தது உங்களால். 90 நிமிட வகுப்பின் கடைசி 10 நிமிடத்தைத் தெரிந்த பக்கத்தை மறுபடி வாசிக்கவென்றே ஒதுக்கியவர்களே, சோர்ந்து வந்தவர்கள் தெம்போடு வீடு திரும்பியது அதனால்.

களைப்போடு வந்தும் பென்சிலைக் கீழே வைக்காத மாணவர்களே, உங்களுக்கும் எங்கள் நன்றி. உங்களில் இருவர் அடுத்த பிரிவில் புதியவர்களுக்கு அருகில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்து அட்டைப் பெட்டியும் குறிப்பேடும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. டிஷ்யூ மட்டும் தீர்ந்துவிட்டது, புதிதாக வாங்கி வைக்கிறோம்.

அன்புடன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்கள்