ஆர்த்-கோல்டாவ் ரயில் நிலையத்தில் உதவிய அண்ணாவுக்கு

ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சென்ற நாங்கள், லுகானோ செல்லும் வழியில் ஆர்த்-கோல்டாவில் ரயில் மாற இறங்கியபோது, அம்மா தலைசுற்றி நடைமேடையிலேயே அமர்ந்துவிட்டார். எங்கள் தமிழைக் கேட்டு ஓடிவந்த ஈழத்து அண்ணா, நாங்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் தண்ணீர் வாங்கி வந்தீர்கள்; உங்கள் ரயில் வந்து புறப்பட்டதையும் பொருட்படுத்தாமல், அம்மாவின் முகம் தெளியும்வரை அருகிலிருந்து பேச்சுக் கொடுத்தீர்கள். பிறகு எங்கள் பெட்டிகளை ஏற்றிவிட்டு, 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கப்பாதையில் வண்டி நெடுநேரம் இருட்டில் போகும், பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்தீர்கள். அதுவே அவருக்குப் பெரும் தெம்பாக இருந்தது. பெயர் கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது. அங்கு வாழும் உறவுகள் இதைப் படித்தால் அவரிடம் சேர்த்துவிடுங்கள். அம்மா நலமாக இருக்கிறார், அண்ணா. சிங்கப்பூருக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒருவேளையாவது நீங்கள் சாப்பிட வேண்டும்.