அமிர்திப் பள்ளத்தாக்கில் கூடாரமிடுவோருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்: மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் மாவட்ட வன அலுவலர்களுக்கும் பணிவான வணக்கம்.

கணியம்பாடிக்கு அருகில் பிறந்து, அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். என் பணிக்காலத்தில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை, வனச்சரக அலுவலகத்தில் முறையாக அனுமதி பெற்று, ஜவ்வாது மலையடிவாரத்துக்கும் மலைமேலும் பலமுறை முகாமுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இன்றும் மாதம் ஒருமுறையாவது ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்திக்கு மேலே இருக்கும் பள்ளத்தாக்கில் நடந்துவிட்டு வருகிறேன். அங்கே கடந்த சில ஆண்டுகளாக நான் பார்த்து வருவதே இந்த மடலை எழுத வைத்தது.

சனிக்கிழமை மாலையானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன்களில் இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். இருபது பேர், முப்பது பேர், சில நேரம் அதற்கும் மேல். கைப்பேசியில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களில் பலர் அன்றுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அழைத்து வருபவருக்கு மலை புதிது. வருபவர்களுக்கோ மலையே புதிது. ஓடைக்கரையில் மணல் பரப்பாக, சமதளமாக எது தெரிகிறதோ அங்கே கூடாரத்தை விரிக்கிறார்கள். அரசு ஒதுக்கிக் காக்கும் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம் என்பதோ, தாங்கள் நிற்கும் இடம் காப்புக்காடா, வருவாய்த்துறை நிலமா, மலைவாழ் மக்களின் பட்டா நிலமா என்பதோ அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இவர்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. காட்டில் ஓர் இரவு தங்கிய பிள்ளை காட்டை வேறு கண்ணோடு பார்க்கும் என்பதை என் மாணவர்களிடமே கண்டவன் நான். இரவில் தங்க முறையான ஓர் இடத்தை நீங்கள் ஒதுக்க வேண்டும், அதை நடத்தும் பொறுப்பை அந்தப் பள்ளத்தாக்கின் மலையாளி என்னும் தமிழ்பேசும் பழங்குடி மக்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஏன் அவர்களிடம் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1990-களின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். முப்பத்தெட்டு மாணவர்களோடு ஓடையின் வளைவில், வெள்ளை மணல் படிந்த அழகான ஒரு திட்டில் தார்ப்பாய்க் கூடாரங்களை நான்தான் அடிக்கச் சொன்னேன். வானத்தில் மேகமே இல்லை. பிள்ளைகள் உலை வைத்திருந்த நேரத்தில், மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மலைவாழ் பெரியவர் ஓடைக்குள் இறங்கிக் கையால் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். எனக்குத் தெளிவாகவே தெரிந்த தண்ணீரில் லேசாகச் செம்மண் நிறம் ஏறியிருந்ததையும், பச்சை மாறாத புளிய இலைகள் மிதந்து வந்ததையும் அவர் காட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். "சார், பசங்கள மேட்டுக்குக் கூட்டினு போங்க. தண்ணி கலங்கிடுச்சி, மேல நல்ல மழ புடிச்சிருக்குது" என்றார். அரைமனதோடுதான் கூடாரங்களைப் பிரித்தோம். அவரே முன்னால் நடந்து, வேங்கை மரங்கள் நின்ற ஒரு பாறைமேட்டுக்கு எங்களைக் கொண்டு சேர்த்தார். இரவு பதினொரு மணிவாக்கில் வண்டி வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது நாங்கள் உலை வைத்த இடத்தில் இடுப்பளவுக்கு மேல் காட்டாறு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மேட்டில் ஒரு சொட்டு மழை இல்லை.

ஊர் திரும்பிய பிறகும் பல இரவுகள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அறிவியல் பாடம் நடத்தும் நான் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால் கையில் அள்ளிய தண்ணீரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பெரியவர்தான். இன்று அதே மணல் திட்டில் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வண்ண வண்ணக் கூடாரங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அத்தகைய மழைநாளில் மலை ஓடைகள் எச்சரிக்கைக்கு நேரம் கொடுப்பதில்லை.

வெள்ளத்தைவிட எனக்குப் பெரிய அச்சம் தீயைப் பற்றியது. ஜவ்வாது மலையில் இருப்பவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை பிறந்ததும் இலை உதிரத் தொடங்கி, மாசி, பங்குனியில் முழங்கால் அளவுக்குச் சருகு சேர்ந்துவிடுகிறது; மூங்கில் புதர்கள் காய்ந்து நிற்கின்றன. கடந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் கிளம்பிப் போன இடம் ஒன்றைக் கண்டேன். நடுவே வட்டமாகச் சாம்பல். மேலே தண்ணீர் தெளித்த தடம் இருந்தது. அணைத்துவிட்டோம் என்று நம்பித்தான் அவர்கள் போயிருக்கிறார்கள். கையை அருகே கொண்டுபோனபோது சூடு அடித்தது. குச்சியால் கிளறினேன். சாம்பலுக்கு அடியில் ஒரு பட்டமரத்தின் வேர், பீடி நுனிபோல் சிவந்து, மண்ணுக்குள்ளேயே இரண்டடி தூரம் கனன்றுகொண்டு போயிருந்தது. அதன் முனையிலிருந்து சருகுக்கு ஒரு சாண் தூரம். ஓடைக்கும் அந்த இடத்துக்குமாகப் பதினான்கு முறை நடந்து, தண்ணீர் பாட்டிலில் நீர் கொண்டுவந்து ஊற்றி, மண்ணைத் தோண்டிப் போட்டு மூடிவிட்டு வந்தேன். அன்று நான் அந்த வழியாகப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

குரங்கணி நமக்கு மறக்கக்கூடிய பெயரா? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 வழித்தடங்களைத் திறந்து, இணையவழிப் பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளும் கொண்ட ஒரு முறையை வனத்துறை கொண்டுவந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். நடைக்கு ஏற்பட்ட அந்த ஒழுங்கு எங்கள் பள்ளத்தாக்கில் இரவுத் தங்கலுக்கும் வர வேண்டும். ஓர் உயிர் போன பிறகு அது வரக்கூடாது. வயநாட்டின் மேப்பாடியில் 2021 ஜனவரியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்ற பிறகுதான் அங்கே கூடாரத் தங்கல்களுக்கான அனுமதியைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. எங்கள் பக்கம் அச்சம் கரடியிடமும் காட்டுப்பன்றியிடமும்தான். மீந்த பிரியாணியைக் கூடாரத்தின் வாசலிலேயே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சரிவுகளின் நீர் இறங்கும் நாகநதி நெடுங்காலம் வறண்டு கிடந்தது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெயிலில் நின்று, நூறுநாள் வேலைத் திட்டத்தில், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகளும் தடுப்பணைகளும் அமைத்து அதை மீட்டார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் 'மனதின் குரல்' உரையிலும் அந்தப் பெண்களின் உழைப்பு பேசப்பட்டது. அப்படி மீட்ட ஆற்றின் தலைப்பகுதியில்தான் எண்ணெய்ப் பாத்திரங்கள் சோப்பு நுரையோடு கழுவப்படுகின்றன. காலைக்கடனுக்கு ஓடை ஓரமே இடமாகிறது. பாறை இடுக்கில் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லுகள், வெறுங்காலோடு ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் பாதத்தை வெட்டுகின்றன. ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு தாய் தன் மகனின் குதிகாலில் இருந்த தழும்பை எனக்குக் காட்டினார். அவர் யார் மீதும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

நான் கேட்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இனிச் சொல்கிறேன். அது ஓடைப் படுகையிலோ காப்புக்காட்டின் உட்பகுதியிலோ இருக்கக்கூடாது. சாலையிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில், கிராமத்துக்கு அருகே, வெள்ளம் எட்டாத மேட்டில், மரம் வெட்டத் தேவையில்லாத வெட்டவெளியாக இருக்க வேண்டும். முதலில் சம்பந்தப்பட்ட ஊரின் கிராமசபை கூடி, தங்களுக்கு இது வேண்டுமா என்று முடிவு செய்யட்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும் பொறுப்பையும் கிராமசபைக்கு அளித்திருப்பதால் இதை ஒரு சடங்காக நடத்தக்கூடாது. ஊர் வேண்டாம் என்றால் அந்த ஊரை விட்டுவிடலாம். வேண்டும் என்றால், வருவோரிடம் வாங்கும் கட்டணத்தில் பெரும்பங்கு அந்த ஊரின் வனக்குழுவுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் போகட்டும். ஓர் இரவுக்கு எத்தனை பேர் என்ற வரம்பை, அந்த ஊரின் தண்ணீரையும் கழிப்பறையையும் கணக்கிட்டு ஊரும் வனத்துறையும் சேர்ந்து வைக்கட்டும். நாற்பது பேருக்கு மேல் எந்த நாளும் கூடாது என்பது என் கருத்து.

சமையலை அந்த ஊர்ப் பெண்களிடமே கொடுத்துவிடலாம். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். சாமைச் சோறும் கீரைக் குழம்பும் மலைத்தேனும் கிடைக்கும் இடத்தில், கீழிருந்து பிளாஸ்டிக் பைகளில் கோழியும் குளிர்பானமும் தூக்கிவர வேண்டிய தேவையே இல்லை. கூடாரங்களுக்கு நடுவே ஆளாளுக்குத் தீ மூட்டுவதற்குப் பதிலாக, சுற்றிலும் சருகு வாரிய ஒரே ஒரு கல் அடுப்பு, ஊர்க்காரர் ஒருவரின் பொறுப்பில் எரியட்டும். குளிருக்கு அதைச் சுற்றி எல்லோரும் உட்காரலாம். பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை நன்றாகப் பெய்து முடியும் வரையிலும், வடகிழக்குப் பருவமழையின் எச்சரிக்கை நாள்களிலும் இடம் மூடியே இருக்க வேண்டும். அப்படியானால் ஆண்டில் பாதிதான் மிஞ்சும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பாதி போதும்.

ஒலிபெருக்கியும் சுழல் விளக்கும் அறவே கூடாது. இதே மலைத்தொடரில் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. இந்த மலையின் இருட்டு அவ்வளவு மதிப்புள்ளது. மார்கழி இரவில் விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொள்ளச் சொன்ன பிறகு, மேலே நிமிர்ந்த என் மாணவர்கள் யாரும் சொல்லாமலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியைக் காசு கொடுத்து வரும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாத காரணத்தால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடையாமல் இறந்தது. சுற்றுலாவுக்கு வருவோருக்காக ஓர் அவசர ஊர்தியும் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனையோடு தொடர்பும் ஏற்பாடு செய்யப்படுமானால், அவை முதலில் அந்த ஊர் மக்களுக்கானவையாக இருக்க வேண்டும். விருந்தாளிக்கு ஒரு வசதி, வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தால் இந்தத் திட்டத்தை நானே எதிர்ப்பேன்.

மூன்று மாவட்ட நிர்வாகங்களுக்கும் சேர்த்து ஏன் எழுதுகிறேன் என்றால், 1989-இலும் 2019-இலும் பழைய வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஜவ்வாது மலையும் மாவட்ட எல்லைகளால் துண்டுபட்டது. அமிர்தி வேலூரில் இருக்கிறது, அதற்கு மேலே ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், காவலூர் திருப்பத்தூரில். ஒரு பக்கம் தடுத்தால் வேன்கள் அடுத்த சோதனைச்சாவடி வழியாக ஏறிவிடுகின்றன. ஆகவே மூவரும் சேர்ந்து ஒரே விதியை வகுத்தால்தான் பயன் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மார்கழியில் ஒரு நாளை ஒதுக்கி, மூன்று மாவட்ட வன அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களும் பள்ளத்தாக்கை நேரில் பார்க்க வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று எங்களைக் காப்பாற்றிய பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் அதே ஊரில் சாமை பயிரிடுகிறார். அவர் தகப்பனார் எங்களை ஏற்றிவிட்ட அந்த வேங்கை மேடு அப்படியே இருக்கிறது. சாலையிலிருந்து அரைமணி நேர நடைதான். நானும் உடன் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.