சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பழைய வீடுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திண்ணை, தூண், தாழ்வாரம் எல்லாவற்றையும் எழுதியவர் சுவரைப் பிடித்து நிறுத்தும் சுண்ணாம்பை விட்டுவிட்டார்.

எங்கள் வீடு தாத்தா காலத்தது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே தேக்குச் சட்டத்தில் ஆச்சிக்கல் என்ற சின்னச் செங்கல் அடுக்கிய மெத்தைத் தளம். பத்து வருடத்துக்கு முன்பு கூடத்தில் காரை பெயர்ந்தது. சிமெண்ட் பூசினால் கவலையே இல்லை என்றார்கள், பூசினோம். மூன்றாவது மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். பூச்சைத் தட்டி எடுத்தபோது செங்கல்லின் முகமும் சேர்ந்தே வந்துவிட்டது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது.

அப்புறம் வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப்பிடித்தோம். சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். உலை போலக் கொதித்து, கட்டியெல்லாம் உடைந்து குழைந்தது. பல நாள் ஊறவிட்டுத்தான் மணல் சேர்த்து அரைத்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத்தான் அதில் விட்டார். அந்தச் சுவர் இன்றுவரை உப்புக் காட்டவில்லை.

அந்தச் சுண்ணாம்புக்காக நாங்கள் வெளியூர் லாரிக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். ஆற்றுக்கே சுண்ணாம்பாறு என்று பெயர் உள்ள ஊரில் இந்த நிலை! சேதராப்பட்டு, கரசூர் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனால் அங்கே குவாரி தோண்டச் சொல்ல எனக்கு மனம் வராது. 6 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் உயிர்கள் படிந்த பூமி அது, 1840கள் முதல் அறிஞர்கள் தேடிவரும் இடம். அரியலூரில் ஏற்கெனவே வெட்டுகிறார்கள், அதில் பெரும்பங்கு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுட்டால் சிமெண்ட், தனியாக 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. கல் ஒன்றுதான். அதில் கொஞ்சம் நம் பக்கத்தில் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கும் வரட்டும்.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி என்ற பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததைப் போய்ப் பார்த்தவன் நான். மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அரசு டெண்டர்களில் சுண்ணாம்புப் பூச்சு என்று தெளிவாக எழுத வேண்டும். வேலை நிச்சயம் என்றால் காளவாய் போட ஆள் வரும், தொழில் கற்க இரண்டு பையன்களாவது வருவார்கள். எங்கள் கொத்தனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரோடு இப்போது கரணை பிடிக்க ஒருவரும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி