ஹேண்டிகேப் இரண்டாந்தரப் பந்தயம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குதிரைப் பந்தயக் கட்டுரையில், ஹேண்டிகேப் என்பது திறமை குறைந்த குதிரைகளுக்கான பந்தயம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பந்தயக் களத்தில் எடை பார்க்கும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஜாக்கி சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசில் உட்காருவார். குறித்த எடைக்குக் குறைந்தால், சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவோம். ஓடி முடித்து, முகமெல்லாம் மண்ணோடு வந்து மறுபடியும் அதே தராசில் உட்கார வேண்டும். அங்கே எடை குறைந்தால் ஜெயித்த பந்தயமும் கைவிட்டுப் போகும். இந்தச் சுமை யாருக்கு அதிகம்? நல்ல குதிரைக்குத்தான். முந்தைய ஓட்டங்களை வைத்துத் தரமான குதிரைக்குக் கூடுதல் எடையும் சுமாரானதற்குக் குறைந்த எடையும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு உண்டாக்குவதுதான் ஹேண்டிகேப். ‘டாப் வெயிட்’, அதாவது அந்தப் பந்தயத்திலேயே அதிக எடை, கிடைப்பது அந்தக் குதிரைக்கு மரியாதை ஐயா.

ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்போர்ன் கோப்பையே ஹேண்டிகேப் பந்தயம்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா? 1930-ல் ஃபார் லாப் என்ற குதிரை 62 கிலோவுக்கு மேல் சுமந்து அதை வென்றது. அடுத்த வருடம் அதன் மேல் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. அதைத் திறமை குறைந்த குதிரை என்று எந்த வாயால் சொல்வது?

சரி, இது ஒன்றோடு போயிருந்தால் விட்டிருப்பேன். முன்பு இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தையும் ஹேண்டிகேப் என்று எழுதினீர்கள். அது மூன்று வயதுக் குதிரைகளின் பந்தயம். ஆண் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை, பெண் குதிரைக்குக் கொஞ்சம் சலுகை, அவ்வளவுதான். அப்புறம், ஃபர்லாங்கை அரை மைல் ஆக்கினீர்கள். எட்டு ஃபர்லாங் சேர்ந்தால்தான் ஒரு மைல். இரண்டுக்கும் கடிதம் போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. எடைக்குப் பயந்து வயிற்றைக் காயப்போட்டு ஓட்டுகிற ஜாக்கியின் பெயரைப் போடவும் உங்கள் பக்கத்தில் இடம் இருப்பதில்லை. யாருக்கு எவ்வளவு பணம் விழுந்தது என்பதற்கு மட்டும் தாராளமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஹேண்டிகேப்பில் தரமான குதிரைதான் அதிக எடை சுமக்கும் என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்