ஃபிளாஷைப் பழுதுபார்க்க அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேமராவின் மேல் பொருத்தும் தனி ஃபிளாஷைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். படம் இருண்டு வந்தால் ஃபிளாஷின் அளவைக் கூட்ட வேண்டும், வெளுத்து வந்தால் குறைக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அது தவறன்று. ஆனால், படம் ஏன் இருண்டது என்று தெரியாமல் கூட்டிய அளவே அடுத்த படத்தை வெளுக்கச் செய்துவிடும் என்பதைப் பல ஆண்டுகளாக ஃபிளாஷோடு பணியாற்றி வரும் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறியும் வழியைக் கட்டுரை தொடாமல் விட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் வேலை, தானியங்கி முறையை விலக்கிவிட்டுப் பார்ப்பது. கேமரா, ஃபிளாஷ் இரண்டையும் மேனுவலுக்கு, அதாவது அளவுகளை நாமே வைக்கும் முறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் திறன்) 100, ஷட்டர் 1/125 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/11, ஃபிளாஷின் அளவு முழு அளவில் 1/4 என்று வைத்துக்கொண்டு, மூன்று மீட்டர் தொலைவிலிருந்து ஒரு வெற்றுச் சுவரைச் சில விநாடி இடைவெளிகளில் பத்து முறை படமெடுக்க வேண்டும். சுவர் முற்றிலும் வெளுத்துப்போனால் படங்களுக்கிடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சற்று மங்கலாகவே வரும்படி அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொள்வது நல்லது. பத்துப் படங்களும் ஒன்றுபோல் இருந்தால் ஃபிளாஷ் நலமாக இருக்கிறது, ஏமாந்தது தானியங்கி அளவீடுதான் என்று கொள்ளலாம். ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தால் பேட்டரியையும் மின்தொடர்புகளையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோருக்குச் சுவர்ப் படங்கள் ஒன்றுபோலவே வரும். ஏனெனில், பெரும்பாலான குழப்பங்கள் லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும் டி.டி.எல். எனப்படும் தானியங்கி முறையில்தான் பிறக்கின்றன. ஃபிலிம் கேமராக்களின் காலத்தில், 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம்.-2 தொடங்கி, ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிலிமின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, போதுமான நொடியில் ஃபிளாஷை நிறுத்திவிடுவார்கள். டிஜிட்டல் சென்சார் ஃபிலிமைப்போல் ஒளியைத் திருப்புவதில்லை என்பதால், இன்றைய கேமராக்கள் உண்மையான வெளிச்சத்துக்குச் சற்று முன்னதாக ஒரு சிறு மின்னலைச் சோதனையாக அனுப்பி, அது பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் அளவைக் கொண்டு கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கு, காட்சி சராசரியான சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. எனவே வெள்ளை உடை சட்டகத்தை நிறைத்தால் கேமரா ஒளியைக் குறைத்து வெள்ளையைச் சாம்பலாக்கும். கறுப்பு உடை நிறைத்தால் ஒளியைக் கூட்டி முகத்தை வெளுக்கச் செய்யும். பின்னணியில் கண்ணாடிச் சன்னலோ பளபளப்பான உலோகமோ இருந்து அந்த முன்மின்னலை நேரே திருப்பி அனுப்பினால், முகம் இருண்டு நிற்கும். இவற்றுள் எதுவும் பழுதன்று. வெள்ளைக்குக் கூட்டியும் கறுப்புக்குக் குறைத்தும் ஃபிளாஷ் ஈட்டளவை, அதாவது கேமரா கணித்த ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ நாம் வைக்கும் அளவை, மாற்றலாம். அல்லது முகத்தை மட்டும் அளந்து அந்த அளவைப் பூட்டிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தலாம். கேனான், நிக்கான் இரண்டிலும் அவ்வசதி உண்டு.

அந்த ஈட்டளவிலேயே ஒரு பொறி இருக்கிறது. அதைக் கேமராவிலும் மாற்றலாம், ஃபிளாஷிலும் மாற்றலாம். நிக்கானில் இரண்டும் ஒன்றோடொன்று கூடும். கேனானில் ஃபிளாஷில் வைத்ததே செல்லும், கேமராவில் வைத்தது பொருட்படுத்தப்படாது. என் நண்பர் ஒருவரின் ஃபிளாஷ் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து ‘குறை எதுவும் இல்லை’ என்ற குறிப்போடு இரண்டு முறை திரும்பி வந்தது. முந்தைய நிகழ்ச்சியொன்றில் ஃபிளாஷிலேயே குறைத்து வைத்த இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) அழிக்கப்படாமல் கிடந்ததுதான் காரணம் என்று தெரிந்தபோது, அவர் ஒரு மாத வேலையை இழந்திருந்தார்.

இரண்டாவதாக ஒரு ஃபிளாஷைத் தள்ளி வைத்து, முதல் ஃபிளாஷின் ஒளியைக் கண்டு அது வெடிக்கும்படி அமைப்பவர்கள் வேறொரு சிக்கலைச் சந்திப்பார்கள். அந்த ஃபிளாஷ் வெடிப்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். படத்திலோ அதன் ஒளியே இருக்காது. ஷட்டர் திறக்கும் முன்னர் வரும் சோதனை மின்னலைக் கண்டே அது வெடித்து முடித்திருக்கும். பல ஃபிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று இரு நிலைகள் இருப்பது இதற்காகத்தான்: எஸ்2 அந்த முன்மின்னலைப் புறக்கணிக்கும். அல்லது முதல் ஃபிளாஷையும் மேனுவலுக்கு மாற்றிவிட்டால் முன்மின்னலே இராது.

சுவர்ப் படங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவர்கள் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். தயார் விளக்கு எரிவது, மின்தேக்கி முழுவதும் நிரம்பிவிட்டது என்பதற்கு உறுதியான சான்றன்று. பல ஃபிளாஷ்களில் அது சற்று முன்னதாகவே எரிந்துவிடும். அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் இருண்டால் காரணம் இதுவே. பிறகு, கேமராவின் மேல் ஃபிளாஷைச் செருகும் இடமான ஹாட் ஷூவின் உலோகப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஃபிளாஷின் அடிப்பாகம் முழுவதும் உள்ளே சென்று பூட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். நடுப்புள்ளி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஃபிளாஷ் வெடிக்கும், ஆனால் அளவைப் பற்றிய செய்தி அதற்குப் போய்ச் சேராது. ஃபிளாஷே இல்லாமல் எடுத்த படங்களும் மாறுபட்டால் சிக்கல் லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்களில் இருக்கலாம்.

படத்தின் ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் ஒத்திசைவு வேகத்தை, அதாவது சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மிக அதிக வேகத்தை, தாண்டிவிட்டது என்று பொருள். பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 ஆகும். அதற்கு மேற்பட்ட வேகத்திலும் ஃபிளாஷைப் பயன்படுத்த உதவும் அதிவேக ஒத்திசைவை இயக்கினால் பட்டை மறையும், ஆனால் ஃபிளாஷின் எட்டும் தூரம் பெரிதும் குறுகிவிடும் என்பதை மறக்கலாகாது.

தூரத்தைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. வழிகாட்டு எண் (ஃபிளாஷின் வலிமையைக் காட்டும் எண்; அதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் கிடைக்கும்) 60 கொண்ட ஃபிளாஷ் எஃப்/8இல், ஐ.எஸ்.ஓ. 100இல், 7.5 மீட்டர் எட்டும். ஆனால் அந்த 60 பெரும்பாலும் ஃபிளாஷின் ஜூம் 200 மி.மீ.யில் இருக்கும்போது அளந்த எண். அகலக் கோணத்தில் அது வெகுவாகக் குறையும். கூரையில் பட்டுத் திரும்பும்படி ஃபிளாஷைத் திருப்பினாலோ, ஒளி கூரைக்கு ஏறி ஆளிடம் இறங்கும் முழு வழியையும் கணக்கிட வேண்டும். மூன்று மீட்டர் ஆறு மீட்டரானால் ஒளி பாதியாவதில்லை, கால் பங்காகிறது. கூரை விழுங்கிக்கொள்வது அதற்கு மேல். அங்கே ஃபிளாஷ் தன் முழு அளவையும் கொடுத்துவிட்டு நிற்கும்போது ஈட்டளவை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை; ஐ.எஸ்.ஓ.வை உயர்த்த வேண்டும், அல்லது அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும்.

ஷட்டர் வேகத்தைக் குறைத்தும் முகம் வெளிச்சமாகவில்லையே என்று பலர் வருந்துகிறார்கள். ஃபிளாஷ் முழு அளவில் வெடித்தாலும் ஏறத்தாழ 1/1000 நொடியில் முடிந்துவிடுவதால், ஷட்டரை மேலும் திறந்து வைப்பது அறையின் இயல்பான வெளிச்சத்தை மட்டுமே கூட்டும். ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால், அறையொளியின் பங்கு எவ்வளவு, ஃபிளாஷின் பங்கு எவ்வளவு என்பது உடனே விளங்கிவிடும்.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதியில், அணைத்த ஃபிளாஷோடு எடுத்த ஒரு படத்தையும், மேனுவலில் எடுத்த சுவர்ப் படங்களையும், வெள்ளை உடையையும் கறுப்பு உடையையும் டி.டி.எல்.லில் எடுத்த படங்களையும் அருகருகே அச்சிட்டுக் காட்டினால், சொந்த ஃபிளாஷைச் சந்தேகித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும். அவ்வாறு வெளியிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்