பழவேற்காட்டு ஊர்களுக்கு நேராக வரட்டும் உங்கள் நிதி

எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி வட்டாரத் தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக் குழுவினருக்கு,

வணக்கம். எண்ணூர்க் குப்பம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா வாழ்க்கைப்பட்டது பழவேற்காட்டு ஏரிக்கரையில். இரண்டு கரையும் எனக்குச் சொந்தம்தான்.

ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயம் என்றால் பூநாரையைத்தான் நினைக்கிறோம். அந்த ஏரியைப் பங்கு போட்டுக் காத்து வந்த பாடு முறையை நினைப்பவர் குறைவு. இன்றைக்கு இன்ன இடத்தில் வலை கட்டுவது யார் முறை என்று ஊர் கூடி முடிவு செய்யும். எல்லாரும் ஒரே நாளில் இறங்கி ஏரியை வாரிவிட முடியாது. இதே நீர்நிலைகளில் இருளர் மக்கள் பறி என்னும் சிறு கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கரையில் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி பின்னுகிறார்கள். ஏரியைக் கெடுக்காத பிழைப்புகள் இவை. இவை நின்றால்தான் சரணாலயமும் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135, மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டை நீங்கள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கவும் சொல்கிறது. சிக்கல் அதற்கப்புறம்தான். பணியை வெளி அமைப்பிடம் ஒப்படைத்தால் அதற்கு 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரி விலக்குப் பதிவுகள் வேண்டும். நீங்கள் தொடங்காத தனி அமைப்பு என்றால் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். மீனவப் பஞ்சாயத்துக்கும் ஓலை பின்னும் சுய உதவிக் குழுவுக்கும் இதெல்லாம் ஏது? பணம் எங்கெங்கோ சுற்றி வருகிறது. எங்கள் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது அது சிமென்ட் பெஞ்சாகவும் பெயர்ப்பலகையாகவும் இருந்தது. எங்களுக்கு எது தேவை என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதே விதிகள் நிறுவனமே நேரடியாகப் பணியை நடத்தவும் இடம் தருகின்றன. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரே திட்டத்தைத் தொடரவும் வழி இருக்கிறது. அலையாத்திக் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் எப்படி? ஓதம் வந்து போகும் வாய்க்கால் தூர்ந்தால் கன்று காயும். அதைத் தூர்வார, ஆடுமாடு மேயாமல் பார்த்துக்கொள்ள, ஊர் ஆட்களுக்கு ஆண்டு முழுக்கக் கூலி வேண்டும். மார்ச் மாதக் கணக்குக்காக அவசரமாகச் செலவழிக்கும் பணத்தில் இது நடக்காது.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட நாட்டுப்புறங்களில் உழவர்களுக்கு 2021 முதல் ஒரு நிதித் திட்டம் இருக்கிறது. உழவர் தாமே விண்ணப்பிக்கிறார். அந்தந்தப் பகுதிக் குழு பரிசீலித்து முடிவு சொல்கிறது. அப்படியொரு குழுவைப் பழவேற்காட்டுக்கும் அமையுங்கள். மீனவப் பஞ்சாயத்தார், இருளர், ஓலை பின்னும் பெண்கள், வனத்துறை, உங்களில் ஒருவர் அதில் உட்காரட்டும். பழைய வலைகளை ஏரியிலிருந்து எடுப்பது, ஐஸ் பெட்டி வாங்குவது, ஓலைக் கூடைக்குச் சென்னையில் கடை பிடிப்பது என்று சிறுசிறு தொகைகளை அந்தக் குழுவே பரிந்துரைக்கட்டும். கணக்கை ஊர் நடுவில் எழுதி ஒட்டுங்கள்.

நிதி கொடுப்பதால் ஆற்றில் கழிவு விடும் பொறுப்பு யாருக்கும் தீர்ந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அடுத்த நிதியாண்டுத் திட்டத்தை முடிவு செய்யும் முன் ஒருமுறை ஏரிக்கரைக்கு வாருங்கள். பாடு முறைப்படி வலை கட்டப் போனவர்கள் கரையேறிய பிறகு கூட்டம் வையுங்கள். பெண்களும் வர முடிகிற நேரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
எண்ணூர்க் குப்பத்துக்காரி ஒருத்தி